ஆறு பற்றுச்சீட்டுகள்

இலங்கையில் யுத்தம் முடிகிற அந்த மாதங்களில் நான் முழுதாக விழித்திருந்தேனா என்று எனக்கே இன்னும் சந்தேகம். டென்மார்க்கில், சில்க்போர்க் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. காலையில் கிழவிகளுக்குக் கஞ்சி பருக்குவேன், கட்டில் விரிப்பேன், பிறகு ஏரிக்கரையால் வீட்டுக்கு நடப்பேன். எல்லாம் தண்ணீருக்குள் நடப்பது போல மெதுவாக நடந்தன. அக்காவும் அத்தானும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். மாசிக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அவர்களுடைய ஒரே மகள் கொழும்பில் வாடகை அறையில் இருந்து, ஒரு தனியார் கல்லூரியில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரிக் கட்டணத்தை நான் கட்டினேன்.

அப்படி இருக்கும்போதுதான் ரொறன்ரோவிலிருந்து அண்ணை தொலைபேசியில் திரியைக் கொளுத்திப் போட்டார்.

"இஞ்ச நான் மகன்ர கொலிஜ் பீசைக் காட்டி வரியில திருப்பி எடுக்கிறன். நீயும் கேட்டுப் பார். விசரி மாதிரிச் சும்மா கட்டிக்கொண்டிருக்கிறாய்."

"டென்மார்க்கிலயும் அப்பிடி இருக்கோ அண்ணை?"

"இல்லாமலே? வெள்ளைக்காரன்ர சட்டம் எல்லா இடமும் ஒண்டுதான். கொப்பியைக் கொண்டுபோய் நீட்டாத. ஒரிஜினல் வேணும்."

டென்மார்க்கில் பல்கலைக்கழகத்துக்கு யாரும் காசு கட்டுவதில்லை; படிக்கிறவர்களுக்கு அரசாங்கமே மாதாமாதம் காசு கொடுக்கிறது. இது எனக்குத் தெரியாததல்ல. இங்கே யாருமே கட்டாத காசுக்கு யார் வரி விலக்குத் தருவார்கள் என்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. ஆசை வெட்கம் அறியாது. திரும்பி வரும் காசில் தோல் சோபா ஒன்று வாங்கி, யன்னலோரம் போட்டு, அதில் வெயில் படப் படுத்திருப்பதாக நடக்கும்போதெல்லாம் கனவு கண்டேன். கூடப் பிறந்தவள் எந்தப் பதுங்குகுழியில் கிடக்கிறாளோ தெரியாது, எனக்குச் சோபாக் கனவு. எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஒரிஜினல் விஷயத்தில் மட்டும் அண்ணையைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை. அகதியாக வந்தவர்களில் யார் கொப்பியை நம்பினோம்? பிறப்புச் சான்றிதழை நெஞ்சுச் சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு எல்லை கடந்தவர்கள் நாங்கள். அதனால் கொழும்பிலிருந்த பெறாமகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"பிள்ளை, பீஸ் கட்டின ரிசீற் எல்லாத்தையும் பதிவுத் தபாலில எனக்கு அனுப்பு. கொப்பி வேண்டாம்."

"எல்லாத்தையுமோ சின்னம்மா? ஏன்?"

வரி, சோபா என்று சொல்ல வாய் வரவில்லை. "என்னட்டப் பத்திரமா இருக்கட்டும்," என்றேன்.

சித்திரை வருசப்பிறப்புக்கு முந்தின கிழமை ஆறு பற்றுச்சீட்டுகளும் வந்து சேர்ந்தன. எனக்கு வேலை இல்லாத நாளொன்றில், தலை வாரி, நல்ல மேலங்கி போட்டுக்கொண்டு வரி அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அப்பால் இருந்த பெண் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"உங்கள் மகளா?"

"அக்காவின் மகள்."

"படிப்பதற்கு நீங்கள் காசு கட்டுகிறீர்களா?" அதில் கேலி இல்லை. இரக்கம்தான் இருந்தது, அது கேலியைவிடச் சுட்டது. பிறகு "டெஸ்வேர" என்றாள். முடியாது என்பதை மனவருத்தத்தோடு சொல்ல டேனிஷ்காரரிடம் உள்ள சொல் அது. இந்த நாட்டில் நான் அதிகம் கேட்டிருப்பதும் அதுதான்.

வெளியே வந்து ஏரிக்கரை வாங்கில் உட்கார்ந்தேன். எதிர்க்கரைக் காட்டில் மரங்களுக்குக் கீழே நிலமெல்லாம் வெள்ளைப் பூ. தண்ணீரில் மேகம் போய்க்கொண்டிருந்தது. கண் மூடாமலே தூங்குகிற வித்தையை அந்த வருடம் பழகியிருந்தேன். எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது, கைபேசி அடித்தது.

"டென்மார்க் சின்னம்மாவோ? உங்கட பெறாமகள் இருக்கிற வீட்டுக்காரி கதைக்கிறன். பிள்ளையைப் பொலிஸ் கொண்டுபோயிட்டாங்கள்."

"ஏன்? என்ன செய்தவள்?"

"ஒண்டும் செய்யேல்லை. அடையாள அட்டையில கிளிநொச்சி விலாசம். கொழும்பில ஏன் நிக்கிறாய் எண்டு கேட்டிருக்கிறாங்கள். கொலிஜ் காட் முடிஞ்சு போச்சு. புதுசு எடுக்க ரிசீற் காட்ட வேணுமாம், அதை உங்களுக்கு அனுப்பிப்போட்டாளாம். வருசப்பிறப்பு லீவு, கொலிஜும் பூட்டு. படிக்கிற பிள்ளை எண்டு காட்ட அவளிட்ட ஒரு துண்டும் இல்லை. சந்தியில இருக்கிற கொமினிகேஷன் கடைக்குப் பெக்ஸ் அடியுங்கோ, நான் பொலிசுக்குக் கொண்டுபோறன்."

அந்தத் துண்டுகள் என் மடியில் இருந்தன. அந்த வருடம் கொழும்பில் அப்படிக் கொண்டுபோன பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வரவில்லை.

அலுவலகத்துக்குள் திரும்பவும் ஓடினேன். வரிசையில் நின்ற எல்லோரையும் தாண்டிப் போய், தெரிந்த டேனிஷெல்லாம் மறந்து, அழுதேன். அந்தப் பெண் எழுந்து வந்து தோளைப் பிடித்து இருத்தினாள். நான் அரைகுறையாகச் சொன்னதைக் கேட்டதும் பற்றுச்சீட்டுகளைப் பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் மூலத்தைப் பார்த்ததாக எழுதி, அலுவலக முத்திரை குத்தி, வீட்டுக்காரி சொன்ன கொமினிகேஷன் கடைக்குப் பெக்ஸ் அனுப்பினாள். நான் நம்பாத கொப்பிகள்தான் போயின. மறுநாள் மத்தியானம் பிள்ளையை விட்டார்கள். வெளிநாட்டு முத்திரையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம்.

வைகாசியில் எல்லாம் முடிந்தது என்று தொலைக்காட்சி சொன்னது. அதற்கு இரண்டு கிழமை கழித்து வவுனியா முகாமிலிருந்து, யாரோ ஒருவருடைய கைபேசியில், அக்காவின் குரல். இருவரும் உயிரோடு இருக்கிறார்கள்.

"பிள்ளையோட நேற்றுக் கதைச்சனான்," என்றாள். "எல்லாம் சொன்னவள். நீ முன்யோசனையா ரிசீற்றை வாங்கிப் பத்திரமா வச்சிருந்தபடியால்தானே தப்பினவள். நாங்கள் எறிகணைக்குள்ள கிடக்கேக்க, எங்கட பிள்ளையைப் பற்றி நினைக்க நீ ஒருத்தி இருந்திருக்கிறாய்."

வரி, சோபா எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வாய் திறந்தேன். அவளுக்குப் பின்னால், அடுத்துக் கதைக்க நின்றவர்களின் சத்தம் கேட்டது.

"கேக்குதோ?" என்றாள் அக்கா.

"ஓம் அக்கா," என்றேன்.