மீன் மேசையின் ஆறாம் இலக்கம்

1. பெட்டி வந்த நாள்

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கேம் சென்ரரில் நான் மூன்று வருடம் ரெக்னீசியனாக இருந்தேன். அதற்கு முன் இருபது வருடம் பிரிஜ், ஏசி திருத்தினேன். முதலாளி தயாளன் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் கொழும்பில் இருந்து பழைய மெசின் ஒன்றை வாங்கி லொறியில் இறக்கினார். படுக்க வைத்த பெரிய ஸ்கிரீன். சுற்றி எட்டுப் பேர் இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பிடி, ஒரு சுடும் பட்டன். ஸ்கிரீனில் மீன் ஓடும், சுட வேண்டும். மழையில் நனைந்து வந்திருந்தது. உள்ளிருந்த சர்க்கியூட் போட்டைக் கழற்றித் துடைத்து, காற்றில் உலர்த்தி உயிர் கொடுக்க எனக்கு நான்கு நாள் பிடித்தது.

அந்த நான்கு நாளில் அதன் உள் மெனுவை முழுக்கப் படித்துவிட்டேன். அதில் ஒன்றிலிருந்து எட்டு வரை ஓர் இலக்கம் இருந்தது. இலக்கம் கூடினால் மீன் சாவது குறையும். மூன்றில் வைத்துப் பூட்டினேன்.

எங்கள் ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகள் வந்து பட்டனை அமத்திப் பிடித்துக்கொண்டு கண்டதையெல்லாம் சுடுவார்கள். ஐந்து நிமிடத்தில் குண்டு முடிந்துவிடும். அழுதுகொண்டு போவார்கள். இரண்டு மாதம் அந்த மேசை சும்மா மின்னிக்கொண்டு கிடந்தது.

2. கப்பல்காரர்

அந்த வருடம் காங்கேசன்துறையில் துறைமுகத்தை ஆழப்படுத்த ஒரு கப்பல் வந்து நின்றது. அதில் வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரர் நான்கு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்தார்கள். கடை வாசலில் நின்று உள்ளே பார்த்தார்கள். மேசையைக் கண்டதும் ஒருவன் மற்றவனின் தோளில் அடித்தான். ஊரில் சொந்தக்காரனைக் கண்டதுபோல ஓடி வந்து இருந்தார்கள்.

அவர்களில் மூத்தவன் ரொமெல். கப்பலில் கிரேன் ஓட்டுபவன். ஐம்பது வயது இருக்கும். அவன் விளையாடியதைப் பார்த்துத்தான் அந்த மெசினை எப்படி விளையாடுவதென்று நானே அறிந்தேன். பெரிய சுறாவின் பின்னால் அவன் போகவே இல்லை. சின்ன மீன்கள் கூட்டமாக ஒன்றுசேரும் வரை காத்திருந்து, குறைந்த பலத்தில் இரண்டு மூன்று குண்டு விடுவான். ஓரத்தில் பட்டுத் தெறிக்கும் குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று கணக்குப் பார்ப்பான். ஸ்கிரீனை விட்டு வெளியே போகிற மீனுக்குக் குண்டு செலவழிக்க மாட்டான். பெரிய மீன் நடுவில் வந்தால் மட்டும் நால்வரும் சேர்ந்து சுடுவார்கள். யாருடைய குண்டில் விழுந்தாலும் நால்வரும் சிரிப்பார்கள்.

அவர்களுடைய ஊரில் சந்தைக்குப் பக்கத்திலும் பஸ் நிலையத்திலும் இந்த மேசை இருக்குமாம். சுற்றி இருந்து கதைத்துக்கொண்டு, தின்றுகொண்டு விளையாடுவார்களாம். கப்பலில் ஆளுக்கொரு ஷிப்ட், ஒன்றாய் இருந்து சாப்பிடவே முடிவதில்லை, இங்கேதான் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம் என்று ரொமெல் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னான். ஒவ்வொரு ஞாயிறும் வந்தார்கள். மெசினில் போடும் ரோக்கன் ஆளுக்கு ஒரு கிண்ணம் வாங்குவார்கள். முடிந்தால் எழும்பிவிடுவார்கள்.

அவர்களைப் பார்க்கவென்றே சனம் கூடத் தொடங்கியது. பிறகு பார்த்தவர்களும் இருந்து விளையாடினார்கள்.

3. இறுக்கியது

தயாளன் கெட்டிக்காரன். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு புது மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார். மீன் விழுந்தால் மெசின் தரும் ரிக்கெற்றுகளைச் சேர்த்து, குறித்த தொகையை முதலில் எட்டுபவருக்கு அது பரிசு. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“ராசன் அண்ணை, சனம் நல்லாக் கூடுது. கொஞ்சம் இறுக்கி விடுங்கோ.”

நான் மறுப்புச் சொல்லவில்லை. முதலாளி சொன்னால் செய்கிற வேலைதானே என்று நினைத்தேன். கதவைத் திறந்து மூன்றை ஆறாக்கிப் பூட்டினேன். ஒரு நிமிட வேலை.

மயிலிட்டிப் பக்கத்திலிருந்து சுதாகரன் என்று ஒருவர் வந்துகொண்டிருந்தார். மச்சானோடு ஒரே படகில் தொழில் செய்பவர். மோட்டார் சைக்கிள் இருந்தால் மீனைக் கரையில் விற்காமல் தானே நகரத்துக்குக் கொண்டுவரலாம் என்பது அவர் எண்ணம். முதலில் ஞாயிறு மட்டும் வந்தார். பிறகு செவ்வாயும் வெள்ளியும் வந்தார். பிறகு தினமும் வந்தார். ரொமெல் போலவே பொறுத்துப் பொறுத்துச் சுடுவார். மீன் விழாது. மெசின் கனநேரம் தின்றால் பிறகு தரும் என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்கம் சொல்வார். அந்த சர்க்கியூட் போட்டுக்கு ஞாபகமே கிடையாது, ஒவ்வொரு குண்டும் புதுக்குண்டுதான் என்று எனக்குத் தெரியும். நான் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருடைய மனைவி வதனி வந்தார். கருவாடு காயப்போடும் இடத்திலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், கையில் உப்பு வெளுத்திருந்தது. கணவர் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து என்னிடம் வந்தார்.

“அண்ணை, நீங்கள்தானே உந்த மெசினைத் திறந்து பூட்டுறனீங்கள். உதிலை வெல்லுறதுக்கு வழி ஏதும் இருக்கோ?”

அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்றேன்.

“பன்ரண்டு நாளா மனுசன் கடலுக்குப் போகேல்லை. மச்சான் வேறை ஆளைப் படகிலை ஏத்தப் போறாராம். வெல்ல ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லுங்கோ. நான் சொன்னால் கேக்கிறாரில்லை.”

விளையாடுபவரின் கையில் இருக்கிறது என்று என்னவோ சொல்லிச் சமாளித்தேன். கணவர் திரும்பி வர முன் அவர் போய்விட்டார். அன்று இணுவிலில் இருக்கும் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது எனக்கு உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது. வேலை ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை.

4. மொழிபெயர்ப்பு

அடுத்த ஞாயிறு கப்பல்காரர் வந்தார்கள். சுதாகரன் ரொமெலுக்குப் பக்கத்தில் இருந்தார். பத்து நிமிடம் சுட்ட பிறகு ரொமெல் கையை எடுத்துவிட்டான். என்னைக் கூப்பிட்டு, இலக்கத்தை மாற்றியிருக்கிறாய், இப்போது எத்தனை என்று ஆங்கிலத்தில் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பதுபோல் கேட்டான்.

சுதாகரனுக்கு ஆங்கிலம் தெரியாது. என் பக்கம் திரும்பினார்.

“அண்ணை, உவர் என்ன கேக்கிறார்?”

நான் எதையும் சொல்லியிருக்கலாம். மெசின் சூடாகிவிட்டதாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். பொய் சொல்ல வாய் வரவில்லை. சுற்றி இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“மெசினை இறுக்கினனியோ எண்டு கேக்கிறார்” என்றேன். “ஓம், இறுக்கினது நான்தான். முந்தி மூண்டு, இப்ப ஆறு. ஆறிலை நீங்கள் எப்பிடிச் சுட்டாலும் அந்த மோட்டார் சைக்கிள் கிடைக்காது.”

சுதாகரன் கைப்பிடியை விடவில்லை. ரொமெல் அவரையும் அவருடைய கிண்ணத்தையும் பார்த்தான். பிறகு, நான் சொல்வதை இவருக்குச் சொல் என்றான். அவன் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

ஊரில் அவனிடம் ஆள் ஏற்றும் முச்சக்கர வண்டி ஒன்று இருந்தது. அதை மேசைக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே இருப்பானாம். இன்றைக்குத் தரும், நாளைக்குத் தரும் என்று ஒரு வருடம் இருந்தான். கடைசியில் கடனுக்கு வண்டியே போனது. அதனால்தான் நாற்பது வயதில் கப்பல் ஏறினான். கூட்டமாய்ச் சுடுவது, தெறிக்க விடுவது எல்லாம் நேரத்தைக் கொஞ்சம் நீட்டுமே தவிர வேறொன்றுமில்லை, மேசைக்குச் சொந்தக்காரன் எங்கேயும் இலக்கத்தை மாற்றுவான் என்றான். அவன் கற்ற வித்தை ஒன்றே ஒன்றுதான்: கிண்ணம் வெறுமையானால் எழும்புவது. அதைக் கற்க ஒரு வண்டி செலவானது.

சுதாகரன் எழும்பவில்லை. கிண்ணத்தில் மிச்சம் இருந்த ரோக்கன்களை ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட்டு முடித்தார். யாரும் தடுக்கவில்லை. பிறகு என்னிடம் வந்தார்.

“வெள்ளிக்கிழமை என்ரை மனிசி கேட்டவ. அண்டைக்கே சொல்லியிருக்கலாம்தானே அண்ணை.”

ஓம் என்றேன்.

5. பிறகு

தயாளன் சத்தம் போடவில்லை. அன்று பின்னேரம் மெசின் சாவியை வாங்கி, என்னை வேலையால் நிறுத்திவிட்டு, உங்களை நம்பினனான் அண்ணை என்று மட்டும் சொன்னார். அவர் பக்கத்தில் அதுவும் உண்மைதான். மாரி தொடங்க முன் கப்பலும் போய்விட்டது. ரொமெலை நான் பிறகு காணவில்லை.

சுதாகரனின் இடத்துக்கு மச்சான் அதற்குள் வேறு ஆளை ஏற்றிவிட்டார். சுதாகரன் நான்கு மாதம் பிறருடைய படகில் கூலிக்குப் போய், தைப்பொங்கலுக்குப் பிறகுதான் மச்சானின் படகில் திரும்ப ஏறினார். மயிலிட்டியில் ஐஸ் மெசின் திருத்தப் போனபோது வதனி சொன்னார். நான் வெள்ளிக்கிழமையே வாய் திறந்திருந்தால் அந்த நான்கு மாதம் மிஞ்சியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. தேத்தண்ணீர் தந்தார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மெசினைத் திறக்கத் தெரிந்தவனிடம்தான் சனம் வந்து கேட்கும். கேட்கிறபோது பதில் சொல்லாமல் விடுவதும் நாம் செய்கிற ஒரு வேலைதான். இப்போதும் சில கேம் சென்ரர்காரர் என்னைக் கூப்பிடுகிறார்கள். விளையாடுகிறவர் கேட்டால் நான் இலக்கத்தைச் சொல்லுவன், பரவாயில்லையோ என்று முதலிலேயே கேட்பேன். இதுவரை மூன்று பேரிடம் கேட்டிருக்கிறேன். மூன்று பேரும் பிறகு எடுக்கிறம் என்று சொல்லி போனை வைத்தார்கள். நான் பிரிஜ் திருத்துகிறேன்.