தூள் போடாத பாத்தி

எங்கள் கோப்பாய் வீட்டில், சமைக்கும் குசினிக்குப் பின்னால் இரண்டு வல்லாரைப் பாத்தி போடுமளவு நிலம் இருக்கிறது. எங்களுக்கு முன் அங்கே ஒருவர் பழைய கார் பற்றரிகளை உடைத்துத் திருத்தினாராம். முப்பது வருடம் மண் பரிசோதித்துச் சம்பளம் வாங்கியவன் சும்மா இருப்பேனா? மண்ணை நிழலில் உலர்த்தி, நாலாகப் பிரித்து, சீட்டு ஒட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். ஈயம் அளவுக்கு மேல். அன்றே, அந்த மண்ணில் கீரை நடக்கூடாது என்று மனைவிக்கு எழுத்தில் ஒரு தடையுத்தரவு தயாரித்துக் குசினிக் கதவில் ஒட்டினேன்.

சொந்த வளவில் வல்லாரை பறித்துச் சம்பல் போடவேண்டும் என்பதற்காகவே இந்த வீட்டை வாங்கச் சொன்னவர் அவர். கதவைத் திறக்கும்போதெல்லாம் உத்தரவை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்ப்பார். இப்படி இரண்டு வருடம்.

மண்ணில் பொஸ்பேற்று உரம் கலந்தால் அது ஈயத்தைப் பிடித்து, வேர் உறிஞ்ச முடியாதபடி கட்டிவைக்கும். எலும்புத் தூளில் அது நிறைய உண்டு என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னேன்.

“சாமிக்குப் பூப் பறிக்கிற வளவுக்கை எலும்போ? நல்ல கதை கதைக்கிறியள்.”

ஆகவே பாறைப் பொஸ்பேற்றுத் தூள் ஒரு மூட்டை வந்தது. விதிப்படி ஒரு பாத்திக்கு மட்டும் கலந்தேன். மற்றதை ஒப்பிடுவதற்காக அப்படியே விட்டேன். சில மாதம் ஆறவிட்டு, இரண்டிலும் வல்லாரை நட்டு, இலைகளைத் தனித்தனிப் பையில் அனுப்பினேன்.

கடிதம் வந்தது. இரண்டு பையிலும் ஈயம் அனுமதித்த அளவுக்கு நன்றாகக் கீழே. தூள் போடாத பாத்தியும் நல்லதென்றால் என் முதற் பரிசோதனையே பிழை. ஒரு மனுசியை வீணாகக் கீரைக்குத் தவிக்கவிட்டிருக்கிறேன்.

“இஞ்சாரும், உம்மட்டை மன்னிப்புக் கேக்க வேணும். தூள் போடாத பாத்தியிலும் ஈயம் ஏறேல்லையாம்.”

“ஆர் சொன்னது போடேல்லை எண்டு?”

“நான் போடேல்லையே.”

“நான் போட்டனான். நீங்கள் பென்சன் அலுவலாக் அரசாங்கக் கச்சேரிக்குப் போன அண்டு. மூட்டையிலை பாதி கிடந்தது. ஒண்டுக்குச் சோத்தைப் போட்டிட்டு மற்றதைப் பாத்துக்கொண்டிருக்க விடுறதோ? எனக்கு மனம் கேக்கேல்லை.”

“அது ஒப்பிட விட்ட பாத்தியப்பா.”

“அதுவும் எங்கடை பாத்திதானே.”

கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து கண்ணீர் வரச் சிரித்தேன். எல்லா விதியும் தெரிந்தவன் மூட்டையை ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை.

“அப்ப ஈயம் மண்ணை விட்டுப் போட்டுதோ?” என்று கேட்டார்.

“இல்லை. மண்ணுக்கைதான் கிடக்கு. ஆனா ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காது.”

“ஓம், பென்சன் எடுத்த ஆக்கள் மாதிரி. எல்லாரும் இல்லை.”

அன்று மத்தியானம் இரண்டு பாத்தியிலும் பறித்தார். மூன்று தண்ணீரில் கழுவவேண்டும் என்ற என் விதியை மட்டும் ஏற்றுக்கொண்டார். ஒப்பிடப் பாத்தியில்லாத பரிசோதனையை எந்த அலுவலகமும் ஏற்காது என்று சொல்லிக்கொண்டே நான் மூன்றாம் தரமும் சம்பல் கேட்டேன். தேங்காய் துருவக் கீழே விரித்திருந்த தாளின் மூலைகளில் காய்ந்த பசையும் நடுவில் என் கையெழுத்தும் தெரிந்தன.