சார்ஜன்டைச் சுட்டிய கை

டயகம தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த அந்த அம்மா, யாரோடும் கண்ணைப் பார்த்துத்தான் பேசுவார். கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் காய்ச்சியதாக அவர் கணவரைப் பிடித்த பொலிஸ் சார்ஜன்ட், கறவை மாட்டை லஞ்சமாக வாங்கிக்கொண்டுதான் விட்டார். தோட்டப் பள்ளி ஆசிரியரான நான் அம்மாவுக்காக மனு எழுதினேன்.

விசாரிக்க வந்த அதிகாரி, சார்ஜன்டையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "இதை எழுதியது யார்?" என்றார். நான் தலைகுனிந்தேன்.

"எழுத்து யாருதா இருந்தா என்னங்க? கைரேகை என்னுது. மாட்டைப் புடிச்சிட்டுப் போனது இவருதான்," என்று அம்மா கைநீட்டினார்.

சாட்சியம் இல்லை என்று பதில் வந்தது. வாசித்துக் காட்டினேன்.

"அப்ப மேல இருக்கவங்களுக்கு எழுதுங்க, வாத்தியாரய்யா."

எழுதினேன். அதற்குப் பதிலே வரவில்லை.

அதன்பின் லயத்துக் குடியிருப்பு ஆட்கள் எனக்கு வணக்கம் சொன்னார்கள். அம்மாவுக்கோ வழிவிட்டு நின்றார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமைதான்.