பெயர் வேண்டாம் என்றவர்

ஞாயிறு மதியம் செல்வராசா அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "மலர் போட்டா, பிள்ளை" என்றார். அவர் மனைவி இரத்தினமலர் அக்கா இறந்துவிட்டார். நோர்வேயில், அம்மருட் பகுதியிலுள்ள அவர்கள் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, அக்காவின் மேசையில் புத்தகங்கள் விரித்தபடியே கிடந்தன.

அக்காவை 2003இல் நூலகத்தில் சந்தித்தேன். பகலில் லில்லெஸ்ட்ரோமில் மருந்துக்கடை வேலை. மாலையில் தாவோயியம் என்னும் பழஞ்சீன மெய்யியலின் மூலநூல்களைத் தமிழாக்குவார். சீனம் தெரியாது. நோர்வேஜிய, ஆங்கில மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்து, அவை ஒத்துப்போகாத இடத்தில்தான் அதிக நேரம் உட்காருவார். நான் மதுரைக்காரி, படித்துப் பார்ப்பது என் வேலை. என் திருத்தங்களில் பாதியை, "இது உங்கட ஊர்த் தமிழ்" என்று சிரித்தபடி வெட்டிவிடுவார்.

"புத்த சமயம் சீனாவுக்குப் போனபோது, விளங்கப்படுத்த இந்தத் தாவோக்காரரின்ரை சொல்லைத்தான் இரவல் வாங்கினது" என்பார். சொந்தக்காரர் பெருமையைச் சொல்வது போலிருக்கும்.

ஒரு பனிக்காலம் லோறென்ஸ்கூக்கில் என் கார் புதைந்துவிட்டது. நான் அழுத்த அழுத்தச் சக்கரம் ஆழமாக இறங்கியது. "காலை எடும். அதோடை மல்லுக்கட்டாதையும்" என்றார். மெல்ல முன்னும் பின்னும் ஆட்டி வெளியே எடுத்தோம். வலிந்து செய்யாமை என்று அந்நூல்கள் சொல்வது எனக்கு அன்றுதான் புரிந்தது.

நோயுற்ற பிறகு ஒருநாள் சொன்னார்: "புத்தகம் வந்தால் என்ரை பேர் போடாதையும். மூலத்தை எழுதினவை ஆரெண்டே நிச்சயமில்லை. எனக்கென்னத்துக்குப் பேர்?" கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன்.

யாழ்ப்பாணத்தார் முப்பத்தோராம் நாளில், இறந்தவர் நினைவாகக் 'கல்வெட்டு' என்றொரு சிறுநூல் அச்சிட்டுக் கொடுப்பார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அக்காவின் மொழிபெயர்ப்பையே கல்வெட்டாகப் போட வேண்டும், அட்டையில் படமும் பெயரும் வேண்டும் என்றார் அண்ணன். அக்காவின் விருப்பத்தைச் சொன்னேன்.

"எனக்கும் சொன்னவ" என்றார். "இஞ்சை வந்து இருவது வருசம். வேலையிலை, டொக்டரிட்டை, ஒருத்தரும் அவவின்ரை பேரை முழுசாச் சொல்லேல்லை. ஒருக்காலாவது முழுசா இருக்கட்டும்."

சரி என்றேன். உண்மையில் எனக்கும் அது பிடித்திருந்தது, அதுதான் உறுத்துகிறது. புகழ் வேண்டாதவரைப் புகழ்ந்து அதே கல்வெட்டில் நானும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அட்டையின் அச்சுப்படி வந்தது. அண்ணன் அதை வாங்கி, "இரத்தினமலர் செல்வராசா" என்று மெதுவாக வாய்விட்டு வாசித்தார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

கோபித்துக்கொள்ளுங்கள், அக்கா. உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் உங்களை வழியனுப்புகிறேன். போய் வாருங்கள்.