செவ்வாய்க்கிழமை மெஷின்

ஊருக்கு டிக்கெட் போடுகிறவர்கள் முதலில் விலையைப் பார்ப்பார்கள். நான் கிழமையைப் பார்ப்பேன். என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. டொரொன்டோவில் செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் காலையில் டயாலிசிஸ். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில்தான் பெரிய இடைவெளி. அந்த இடைவெளிக்குள் பாதி உலகத்தைத் தாண்டி வந்து, செவ்வாய்க்கிழமை காலையில் புதுச்சேரியில் இன்னொரு மெஷினில் அவரைப் படுக்க வைத்துவிட வேண்டும். தவறினால் உடம்பில் சேர்ந்த தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும்.

அவர் மரக்காணத்து உப்பளக் குடும்பத்துப் பிள்ளை. இனிமேல் உப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோய் வந்ததிலிருந்து அவர் ஊர்ப்பக்கமே வரவில்லை, போகலாம் என்று வாய் திறந்து கேட்டதும் இல்லை. குளிர்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, தம்பி அனுப்பும் உப்பள வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் எரிச்சல் வந்தது. இந்த மனுஷனை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால்தான் என்ன என்று நானே முடிவு கட்டினேன். டாக்டர் அரை மனசோடு தலையாட்டினார்.

திட்டம் போடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே. சென்னைக்கு நேராக வரும் விமானம் இல்லை என்பதால், எங்களுக்குத் தோதான கிழமையில் நடுவில் ஓரிடத்தில் மட்டும் மாறுகிற மாதிரி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து ஒரு ராத்திரி ஓய்வு. ஞாயிறு மத்தியானம் ஏறினால் செவ்வாய் அதிகாலை சென்னை. வீல்சேர் சொன்னேன், உப்பில்லாத சாப்பாடு சொன்னேன், கால் நீட்டிக்கொள்ள நடைபாதையோரம் சீட் வாங்கினேன். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை எல்லாம் ஒரு ஃபைலில் அடுக்கி என் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன்.

என் கைக்கு எட்டாத வேலை ஒன்றே ஒன்றுதான். புதுச்சேரியில் டயாலிசிஸ் சென்டரில் மெஷினுக்குப் போனில் சொன்னால் ஏற்க மாட்டார்களாம், ஆள் நேரில் வர வேண்டுமாம். என் கொழுந்தனிடம் சொன்னேன். உப்பளத்தைப் பார்த்துக்கொள்கிறவர், ஒரு வேலை சொன்னால் தட்டமாட்டார். டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, இறங்கின அன்று காலையிலேயே மெஷின் வேண்டும், வண்டியும் வேண்டும் என்று சொன்னேன். பைக்கில் போய் வந்துவிட்டு, எல்லாம் சொல்லியாச்சு அண்ணி, நீங்க நிம்மதியா வாங்க என்று பதில் போட்டார். நானும் நிம்மதியாகத்தான் வந்தேன்.

விமானத்தில் அவருக்குத் தண்ணீரை நாக்கு நனைகிற அளவுக்குத்தான் கொடுத்தேன். பக்கத்தில் ஒரு பையன் ஜூஸ் டப்பாவை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தபோது இவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். சென்னையில் இறங்கும்போது இரண்டு காலும் வீங்கி, செருப்பு வார் உள்ளே பதிந்திருந்தது.

வெளியே வந்தால் எங்களுக்கென்று ஒருத்தரும் இல்லை. கொழுந்தனுக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தோடு எடுத்தார்.

"என்ன அண்ணி, பிளேன் ஏறிட்டீங்களா?"

"இறங்கிட்டோம்" என்றேன்.

நாளைக்கு ராத்திரிதானே அண்ணி வர்றீங்க என்றார். எனக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. எங்கள் ஊரில் பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள். திங்கட்கிழமை ராத்திரி படுத்தால் வெளிச்சம் வரும்வரைக்கும் அது திங்கட்கிழமைதான். டிக்கெட்டில் செவ்வாய் ஒன்று முப்பத்தைந்து என்று போட்டிருந்தது. ஒன்றரை மணி என்றால் ராத்திரி, அப்படியானால் செவ்வாய்க்கிழமை ராத்திரி என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். வண்டியைச் செவ்வாய் ராத்திரிக்குச் சொல்லி, மெஷினைப் புதன் காலைக்குச் சொல்லியிருக்கிறார். முழுசாக ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். வீல்சேரில் உட்கார்ந்திருந்தவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "வுடு. அவனத் திட்டி என்ன ஆவப்போவுது" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. அதைக் கேட்டதும் எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. நேராக சென்டருக்கே வருகிறோம், அங்கே வந்து நில்லுங்கள் என்று கொழுந்தனிடம் சொல்லிவிட்டு, அங்கேயே ஒரு டாக்சி பிடித்தேன்.

ஈசிஆர் ரோட்டில் மரக்காணம் வரும்போது கிழக்கே வெளுக்க ஆரம்பித்திருந்தது. பாத்திகளில் தண்ணீர் பளபளவென்று கிடந்தது. ரோட்டோரம் உப்புக் குவியல்களைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"ஒரே ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லேன்."

முடியாது, திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். டிரைவரிடம் இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம், இதையே நிறுத்திப் பார்க்க விடமாட்டேன் என்கிறேனே என்று எனக்கே தாங்கவில்லை. கூனிமேடு வரைக்கும் அவர் கழுத்தைத் திருப்பிப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

சென்டர் வாசலில் கொழுந்தன் லுங்கியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இருட்டிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் வந்துவிட்டார். நர்ஸிடம் கெஞ்சிப் பார்த்திருக்கிறார், மெஷின் எதுவும் காலி இல்லையாம். இதைக் கேட்டதும் வராந்தாவிலேயே இரண்டாவது தடவை திட்ட ஆரம்பித்தேன். கிழமை தெரியாதவரிடம் உயிர் சமாச்சாரத்தை ஒப்படைத்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும் என்று அந்தக் கட்டிடமே கேட்கிற மாதிரி கத்தினேன். கொழுந்தன் எழுந்து கண் கலங்கி நின்றார்.

நர்ஸ் வெளியே வந்து என்னை அடக்கினாள். ஃபைலை வாங்கிப் பார்த்தாள். ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் இன்றைக்கு மூன்று ஷிஃப்ட்டும் நிரம்பிவிட்டது, ரொம்ப முடியாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கொண்டு போங்கள் என்றாள். ஊர் தெரியாத எமர்ஜென்சியில் எத்தனை மணி நேரம் காத்துக் கிடப்பது என்று நர்ஸிடமே கேட்டேன்.

அப்போது உள்ளேயிருந்து ஒருவர் எழுந்து வந்தார். கூனிமேட்டில் மளிகைக்கடை வைத்திருப்பவர், ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். நர்ஸ் அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டாள். சட்டைக் கையை மடித்துவிட்டு ஊசி குத்துவதற்காகப் படுத்திருந்தவர்.

"சிஸ்டர், நாளைக்கு இவங்க பேர்ல மெஷின் இருக்குதில்ல? அத எனக்குக் குடுத்துட்டு, இன்னிக்கு என்னோடத இவருக்குக் குடுங்க" என்றார்.

நர்ஸ் யோசித்தாள். அவர் எடையைப் பார்த்தாள், டாக்டருக்குப் போன் போட்டாள். பாய் கட்டுப்பாடான ஆள், தண்ணீர் ஏறவில்லை, ஒரு நாள் தாங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. கால் மணி நேரத்தில் என் வீட்டுக்காரர் அந்தப் படுக்கையில் இருந்தார். குழாயில் ரத்தம் சுற்றி ஓட ஆரம்பித்ததும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன். நன்றி சொல்லத் திரும்பினால் பாயைக் காணோம், பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நர்ஸ் அதற்கப்புறம்தான் சொன்னாள். பாய்க்கு வாரத்துக்கு மூன்று இல்லையாம், இரண்டுதானாம். போன வெள்ளிக்கிழமை படுத்தவர். எங்களுக்குச் சனியிலிருந்து என்றால் அவருக்கு அதற்கும் முன்னாலிருந்தே நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நோயோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவள் நான், எனக்குத் தெரியாதா அந்த ஒரு நாள் என்றால் என்னவென்று. எனக்குக் கிடைத்த நிம்மதி பாதியாகிவிட்டது.

மத்தியானம் அவரை எழுப்பிக் கூட்டிவந்தோம். வீக்கம் நன்றாக வடிந்திருந்தது. திரும்பும் வழியில் உப்பளத்தில் வண்டியை நிறுத்தினோம். அண்ணனும் தம்பியும் தோளில் கை போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தார்கள். தம்பி ஏதோ சொல்ல, இவர் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. வீட்டில் சோறு போட்டுக் கொடுத்துக் கொழுந்தனிடம் ராசியானேன். அவரும் சாப்பிட்டார், அண்ணி கையால் சாப்பிட்டால்தான் திட்டு செரிக்கும் என்றார்.

எனக்கு மட்டும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை விடிந்ததும் கொழுந்தனை எழுப்பி, என்னை சென்டரில் கொண்டுபோய் விடச் சொன்னேன். எதுக்கு அண்ணி என்று கேட்டார். வண்டியை எடுங்கள் என்றேன்.

பாய் வந்திருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முகம் உப்பியிருந்தது, ஆனால் கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்து ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார். வீட்டுக்காரர் தூங்கினாரா என்று அவர்தான் முதலில் கேட்டார். குறட்டை விட்டுத் தூங்கினார் பாய், நீங்க எப்படி இருந்தீங்க என்றேன்.

அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"மூச்சு வாங்குச்சும்மா. ராத்திரி பூரா செவுத்துல சாஞ்சே உக்காந்திருந்தேன். வீட்ல மெஷின் ரிப்பேருன்னு சொல்லி வச்சிருக்கேன். எங்கயாவது பாத்தா நீங்களும் அப்படியே சொல்லிடுங்க. அவளும் உங்கள மாதிரிதான், கத்துவா."

நேற்று வராந்தாவில் நான் போட்ட சத்தம் முழுக்க இந்தப் படுக்கை வரைக்கும் கேட்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் இறங்கி, எடை பார்க்கும் மெஷினில் ஏறி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நர்ஸ் சொல்லும் வரைக்கும் அந்த ஸ்டூலை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.