சிவமதியின் தலையில் கட்டிய வாடகைக் கடன்

சிவமதி உங்களுக்கு ஒரு சதமும் தரவேண்டியதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவருடைய பெயரைக் கடன் அறவிடும் கொலெக்‌ஷன் கொம்பனிக்குக் கொடுத்தீர்கள். மோர்னிங்சைட்டில் அந்த உயர்ந்த கட்டிடத்தை நடத்தும் நிர்வாகத்தைச் சொல்கிறேன். பெயர் போடவேண்டாம் என்று இந்தப் பத்திரிகை ஆசிரியர் கேட்டுக்கொண்டார், ஆகவே போடவில்லை. அங்கே குடியிருந்தவர்களுக்கு எது என்று விளங்கும். உங்களுக்கும் விளங்கும்.

நான் மோட்கேஜ் ஏஜென்றாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். வீடு வாங்க வருபவர்களுக்கு வங்கியில் கடன் எடுத்துக் கொடுப்பது என் தொழில். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதச் சொன்னார்கள். இனிக்க இனிக்க எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

1. ரிப்போட்டில் ஒரு வரி

சிவமதி முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்பவர். கணவர் யோகன் தொழிற்சாலையில் விழுந்து இடுப்பு முறிந்தவர். இருவரும் ஒரு பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தார்கள். அந்தப் படிகளில் யோகன் ஏறுவதை நான் ஒருமுறை பார்த்தேன். சுவரைப் பிடித்தபடி, பக்கவாட்டில், ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி ஏறினார். பனி விழத் தொடங்கினால் அவர் வெளியே வருவதையே விட்டுவிடுவார். ஒஷாவாவில் படிகள் இல்லாத சின்னப் பங்களோ ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். விற்பவரும் விலைக்கு ஒத்துக்கொண்டுவிட்டார். வங்கிக் கடன் சரிவந்தால் வீடு அவர்களுக்கு.

கடன்களை ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டும் கிறெடிற் ரிப்போட்டை எடுத்தேன். கார்ட், கார்க் கடன், போன் பில் எல்லாம் சுத்தம். கடைசியில் ஒரு வரி: கொலெக்‌ஷன், வாடகை நிலுவை.

"மதி, உமக்கு எங்கையாவது வாடகைப் பாக்கி இருக்கோ?"

"எனக்கோ? ஒரு மாதம் பிந்தினதில்லை அக்கா."

யோகன் சிரித்தார். "இவ வாடகை குடுக்கப் பிந்தினா வீட்டுக்காரன் எந்த ஆஸ்பத்திரி எண்டு கேட்டுப் போன் எடுப்பான்."

கட்டிடத்தின் பெயரைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"அதை விட்டு எப்பவோ வந்திட்டமே," என்றார் சிவமதி. "இராசன் அண்ணைக்குக் கதவுத் திறப்பைக் குடுத்திட்டுத்தான் வந்தனாங்கள்."

"ஒஃபிசுக்குச் சொன்னனீரோ?"

"சூப்பருக்குத் தெரியும் அக்கா."

இங்கே கொஞ்சம் விளக்கவேண்டும். அந்தக் கட்டிடங்களில் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு குடும்பம் வீடு மாறும்போது ஒஃபிசில் லீஸை, அதாவது வாடகை ஒப்பந்தத்தை, முடிக்காது. அடுத்த குடும்பத்திடம் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகும். யன்னல் சீலை, சோற்றுப் பானை, குளியலறைப் பாய் எல்லாம் அப்படியே இருக்கும். லீஸும் பழைய பெயரிலேயே இருக்கும். காரணம், இருக்கிறவருக்கு வாடகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டலாம். புதிய ஆளுக்கு நினைத்தபடி கூட்டலாம். அன்றைக்குத்தான் வந்திறங்கிய குடும்பத்துக்கு யார் வாடகைக்குத் தருவார்கள்? வேலைக் கடிதம் கேட்பார்கள், கிறெடிற் கேட்பார்கள். எங்கள் ஆட்கள் திறப்பைக் கொடுத்தார்கள். கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் சூப்பருக்கு எந்தக் கதவுக்குப் பின்னால் யார் என்பது எல்லாம் தெரியும். ஒஃபிஸ், சிவமதிக்குப் பின் அங்கே குடிவந்த இராசனின் செக்கை மாதாமாதம் வாங்கி மாற்றியது. அவர் யார் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

நல்ல மனத்தோடு செய்த வேலை. ஆனால் பெயரைக் கழற்றாமல் வந்தது மடத்தனம். சிவமதிக்கு முகத்துக்கு நேரே அதைச் சொன்னேன்.

வங்கி இந்த வரியோடு கடன் தர மறுத்தது. வட்டி கூடிய வேறு இடங்கள் தரும். ஆனால் ஒருவர் சம்பளத்தில் அந்த வட்டியைக் கட்ட முடியாது. வரி போகவேண்டும், அல்லது ஒஷாவா வீடு போகவேண்டும்.

"கட்டித் துலைப்பம் அக்கா," என்றார் யோகன். "கடன்காரர் எண்டு நாலு பேருக்குத் தெரிஞ்சா வெக்கம்."

"வாயை மூடும்," என்றேன். "கட்டினா அந்த வரி அழியாது. கட்டி முடிஞ்சது எண்டு பக்கத்திலை எழுதுவாங்கள், அவ்வளவுதான். கடன் உம்மடை எண்டு நீரே ஒத்துக்கொண்டதாப் போகும். வங்கிக்கும் அதே வரிதான் தெரியும்."

2. அன்ரி என்று கூப்பிட்ட குரல்

சிவமதியை எனக்குப் பக்கத்தில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, கொலெக்‌ஷன் கொம்பனிக்கு எடுத்தேன். பெயரைப் பார்த்துத் தமிழ் பேசும் பெண் ஒருவரிடம் கொடுத்தார்கள். எங்கள் ஆட்களைப் பிடிக்க எங்கள் பேச்சையே வைத்திருக்கிறார்கள்.

"அன்ரி, நீங்கள் வொறி பண்ணாதேங்கோ. இண்டைக்கு ஜஸ்ற் ஒரு ஐம்பது டொலர் கட்டுங்கோ. குட்வில் பேமன்ற். பிறகு நான் மனேஜரோடை கதைச்சுக் குறைச்சுத் தாறன்."

சிவமதியின் கை பைக்குள் போனது. நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

"பிள்ளை, இந்தக் கடன் இவவின்ரை எண்டு காட்ட உம்மட்டை என்ன இருக்கு?"

"நீங்கள் ஆர்?"

"இவவின்ரை மோட்கேஜ் ஏஜென்ற். இவ பக்கத்திலை இருக்கிறா. நான் கதைக்கலாம் எண்டு சொல்லுவா."

"ஓம், கதைக்கலாம்," என்றார் சிவமதி, மெல்லிய குரலில்.

"அன்ரி, லீஸிலை அவவின்ரை பேர் இருக்கு."

"நான் உமக்கு அன்ரி இல்லை. கடைசி மாதங்களிலை அந்த வீட்டிலை இருந்தது ஆர் எண்டு கேட்டனீங்களோ?"

"அது எங்கடை வேலை இல்லை."

"அப்ப காசு கேக்கிறதும் உங்கடை வேலை இல்லை," என்று வைத்தேன்.

புதிதாக வருகிறவர்களே, இதைக் கவனியுங்கள். அந்த ஐம்பது டொலர்தான் பொறி. பழைய கடனில் ஒரு சிறு தொகை கட்டினாலும் கடனை ஏற்றுக்கொண்டதாக எடுப்பார்கள். வழக்குப் போடக் காலம் கடந்துபோன கடனுக்கும் அதனால் புது உயிர் வந்துவிடலாம். அன்பாகக் கேட்கிறார்கள் என்று கட்டாதீர்கள். அன்பாகக் கேட்டால்தான் எங்கள் ஆட்கள் கட்டுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

3. காட்டிக்கொடுக்க மாட்டேன்

ரிப்போட்டை வைத்திருக்கும் கிறெடிற் பியூரோவுக்கு டிஸ்பியூட் போட்டோம். கடன் என்னுடையது அல்ல என்று எழுதினோம். திரும்பி வந்தது: விசாரித்தோம், சரியாகவே இருக்கிறது. விசாரணை என்றால் என்ன? பியூரோ கொலெக்‌ஷன் கொம்பனியைக் கேட்டது. கொம்பனி ஓம் என்றது. முடிந்தது விசாரணை.

ஆதாரம் வேண்டும். ஒன்ராறியோச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. புதிய ஆள் குடியிருப்பதை அறிந்த பிறகும் குறித்த காலத்துக்குள் வீட்டுக்காரர் அவரை எழுப்பி வெளியேற்ற முயலாமல் இருந்தால், வாடகைக் குடியிருப்பு உரிமை அந்த ஆளுக்குக் கைமாறியதாகவே கொள்ளப்படும். அதைக் காட்ட இராசன் வாய் திறக்கவேண்டும்.

"இராசன்ரை நம்பரைத் தாரும்," என்றேன்.

"ஏலாது அக்கா. என்னெண்டு நான் அவையைக் காட்டிக் குடுக்கிறது? நானாத்தானே திறப்பைக் குடுத்தனான்."

"இராசன் என்ன கள்ளனோ காட்டிக் குடுக்க? குடியிருந்த மனுசன் குடியிருந்தனான் எண்டு சொல்லட்டும்."

"அவருக்கும் ரிப்போட்டிலை விழுந்தா?"

கத்திவிட்டேன். பக்கத்துக் கடையில் ரோல்ஸ் வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். சிவமதி அழவில்லை, நம்பரும் தரவில்லை. யோகன்தான் மெதுவாகச் சொன்னார்: "மதி, நான் உந்தப் படியிலை விழுந்தா இராசன் அண்ணையே வந்து தூக்குறது?"

சிவமதி போனை என் பக்கம் தள்ளினார்.

4. பிக்கரிங்

இராசன் இப்போது பிக்கரிங்கில் பெரிய வீட்டில் இருக்கிறார். மூவரும் போனோம். அவருடைய மனைவி சுகந்தி, சிவமதியைக் கண்டதும் வாசலிலேயே கட்டிப்பிடித்தார். தேநீர் வந்தது. நான் குடிப்பதற்கு முன்பே விஷயத்தைச் சொன்னேன்.

இராசனின் முகம் மாறிவிட்டது.

"நான் ஒரு சதமும் பாக்கி வைக்கேல்லை. கடைசி மாத வாடகையும் கட்டி, திறப்பைச் சூப்பரின்ரை கையிலை குடுத்திட்டுத்தான் வந்தனான்."

"பிறகு என்ன பிரச்சினை? அதை எழுதித் தாரும்."

"அக்கா, எனக்கு மோட்கேஜ் ரினியூவல் வருது. நான்தான் இருந்தனான் எண்டு எழுதினா, அந்தக் கடனை எனக்கெல்லோ அனுப்புவாங்கள்."

"அனுப்பினா உமக்காகவும் நானே அவங்களோடை சண்டை பிடிக்கிறன்."

"உங்களுக்கென்ன, சொல்லுவியள்."

சுகந்தி தட்டை மேசையில் வைத்த சத்தம் கேட்டது.

"கோயில்லை ஆரும் கேட்டா, முதல் முதல் எங்களுக்கு இடம் தந்தது மதியக்கா எண்டு பெருமையா ஒலிபரப்புறியள். எழுதச் சொன்னா மட்டும் கை வராதோ?"

"நீ சும்மா இரு."

"இருக்க மாட்டன். மூத்தவனைக் கையிலை வைச்சுக்கொண்டு அந்த வாசல்லை நிண்டது நான். நீங்கள் எழுதாட்டி நான் எழுதுறன். என்ரை பேரும் அந்தச் செக்கிலை இருக்கு."

சிவமதி குறுக்கே வந்தார். "வேண்டாம் சுகந்தி, சண்டை பிடிக்காதேங்கோ. நாங்கள் வேறை வழி பாப்பம்."

அதுதான் இராசனைத் தாக்கியது என்று நினைக்கிறேன். யாராவது அதட்டினால் அவர் எதிர்த்துப் பேசியிருப்பார். சிவமதி எழுந்து செருப்புப் போடப் போனார். இராசன் பின்னாலேயே போனார்.

"மதி, நில்லும். எழுதுறது மட்டுமில்லை. அவங்கடை ஒஃபிசுக்கு நானும் வாறன்."

5. நான்தான் டெனன்ற்

வங்கியில் பழைய செக்குகளின் பிரதி எடுத்தோம். எல்லாம் இராசன், சுகந்தி பெயரில். கீழே அந்த வீட்டின் இலக்கம். ஓய்வு பெற்ற சூப்பரையும் தேடிப் பிடித்தோம். திறப்பை வாங்கியது நினைவிருக்கிறது, வீடு சுத்தமாக இருந்தது என்று எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர், அவருக்கு நன்றி.

உங்கள் ஒஃபிசுக்கு வந்தோம். நினைவிருக்கிறதா? உங்கள் மனேஜர் இராசனைப் பார்த்து, நீங்கள் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்தான் டெனன்ற்," என்றார் இராசன். அவருடைய ஆங்கிலம் கொஞ்சம். வாடகைக்கு இருந்தவர் தாம்தான் என்று சொல்ல அது போதுமாக இருந்தது.

எங்கள் ரெக்கோட்டில் நீங்கள் இல்லையே என்றார் மனேஜர்.

இராசன் என் பக்கம் திரும்பினார். "அக்கா, இங்கிலீசிலை சொல்லுங்கோ. என்ரை செக்கை மாதாமாதம் மாத்தேக்கை எந்த ரெக்கோட்டிலை போட்டவை எண்டு கேளுங்கோ."

கேட்டேன். மனேஜர் உள்ளே போனார். நீண்ட நேரம் வரவில்லை. வந்து, பார்த்துச் சொல்கிறோம் என்றார். என்ன நிலுவை என்று கேட்டோம். அப்போதுதான் தெரிந்தது, அதில் வாடகையே இல்லை. அடுத்த ஆளுக்குக் கூடிய வாடகைக்கு விட நீங்கள் தரை மாற்றி, சுவருக்கு நிறம் அடித்த செலவு. அதை வாடகை நிலுவை என்று எழுதி, லீஸில் கிடந்த பெயருக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

எல்லாவற்றையும் இணைத்து மறுபடி டிஸ்பியூட் போட்டோம். சட்டத்தின் அந்தப் பகுதியையும் குறிப்பிட்டோம். கொலெக்‌ஷன் கொம்பனிக்கும் உங்களுக்கும் பிரதி. இந்த முறை, பியூரோ கேட்டபோது வெறுமனே ஓம் என்று சொல்ல உங்களால் முடியவில்லை. கணக்கைத் திரும்பப் பெற்றீர்கள். வரி அழிந்தது. இராசனுக்கு எதுவும் வரவில்லை, வர வழியும் இல்லை.

வங்கி ஓம் என்றது. ஒஷாவாவுக்குப் போன முதல் வாரம் யோகன் எனக்குப் போன் எடுத்தார். "அக்கா, பனி கொட்டுது. நான் வெளியிலை நிக்கிறன். மதி உள்ளை வரச்சொல்லிக் கத்துறா." பின்னால் சிவமதி கத்துவது எனக்கும் கேட்டது.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இவ்வளவுதான். ரிப்போட்டில் ஒரு வரியைக் கண்டால் உடனே கட்டச் சொல்லாதீர்கள். கட்டினால் உங்கள் கொமிஷன் சீக்கிரம் வரும், எனக்கும் தெரியும். முதலில் அது யாருடைய கடன் என்று கேளுங்கள். எங்கள் ஆட்கள் வெட்கத்தில் பேசமாட்டார்கள். பேசவையுங்கள். ஒரு இராசன் எழுந்து நின்றால் போதும். இந்தக் கதை பரவியபின், அதே கட்டிடத்தில் திறப்பு வாங்கியவர்களும் கொடுத்தவர்களும் தாங்களாகவே என்னைத் தேடி வருகிறார்கள். சோடி சோடியாக வருகிறார்கள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இப்போது நிர்வாகத்துக்கு. சிவமதியிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. தவறுதலாக அனுப்பப்பட்டது என்று ஒற்றை வரி எழுதினீர்கள். நிறம் அடித்த செலவு எப்படி வாடகை நிலுவை ஆனது? உங்கள் கட்டிடத்தில் இப்படி இன்னும் எத்தனை பேரின் பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள்? எனக்குத் தனியாகக் கடிதம் போடவேண்டாம், போனும் எடுக்கவேண்டாம். இதே பத்திரிகையில், எல்லோரும் வாசிக்கும்படி, உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.