எட்டு நாளுக்கு ஒரு முறை

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே எங்கள் காடு; விளைநிலத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். கிணறு, பங்காளிகள் எட்டுக் குடும்பத்துக்கும் பொது. அறுபத்திரண்டு படி. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் தண்ணீர். முறை சுற்றி வர எட்டு நாள். அடுத்தவர் முறையில் மோட்டாரில் கை வைக்கக் கூடாது.

இப்போது எட்டில் ஏழு நாள் மோட்டார் ஓடுவதில்லை.

தொடங்கி வைத்தவன் நான்தான். என் தம்பி மகன் வேலையில்லாமல் நின்றான். என்னோடு படித்த ஒருவரிடம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி இருந்தது. ஒரு போன் பேசினேன். அவன் சத்தீஸ்கர் போனான். அடுத்த பொங்கலுக்கு வந்து, திரும்பும்போது சித்தப்பன் மகனைக் கூட்டிப்போனான். அவன் இரண்டு பேரை இழுத்தான். யார் யாரை இழுத்தார்கள் என்று எனக்கு வரிசையாகத் தெரியும். மொத்தம் பதினேழு பேர். ஒரே ஒரு போன்.

இந்தப் பங்குனியில் பங்காளிகளின் போன் குழுவில் ஒரு செய்தி வந்தது. முழுக் காட்டையும் வீட்டு மனைக்குக் கேட்கிறார்களாம். கிணற்றை மூட வேண்டும். எட்டுக் கையெழுத்தும் வேண்டும். ஏழு கட்டைவிரல் உயர்ந்தது. நான் "மாட்டேன்" என்று எழுதினேன்.

தம்பி மகன் கூப்பிட்டான்.

"அங்க யாருங்க பெரியப்பா இருக்கறாங்க?"

"நா இருக்கறனல்ல சாமி."

"நீங்க ஒருத்தரு. காடும் காயுதுங்கறீங்க. எங்க மொறைத் தண்ணியையும் நீங்களே உட்டுக்கங்களேன்."

காய்ந்தது உண்மை. கரண்டு இருக்கும் நேரத்துக்குள் என் நாற்பது வரிசை மரவள்ளிக் குச்சிக்கிழங்கில் இருபத்தாறுக்குத்தான் தண்ணீர் எட்டும். மீதிப் பதினான்கில் இலை உதிர்ந்துகொண்டிருந்தது.

"ஒம்மொறையில நா உட்டா, நீ ஊருல இல்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. உட மாட்டேன்."

"பிடிவாதமுங்க உங்களுக்கு."

"ஊரான் காட்டுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு குழி போட்டுத் தண்ணி எடுத்துக் குடுக்கற. ஒங்க தாத்தன் வெட்டுன கெணத்தை மூடச் சொல்ற. ஆருக்குடா பிடிவாதம்?"

மறுநாளிலிருந்து, என் முறை நாள் தவிர, காலை ஆறு மணிக்குக் குழுவில் எழுதினேன்: இன்று இன்னார் முறை, மோட்டார் ஓடவில்லை. "பெரியப்பா பஞ்சாங்கம் வந்திருச்சு" என்று ஒருவன் கேலி எழுதினான். ஒருவன் குழுவை விட்டே போனான். மூன்றாம் நாள் திரும்பி வந்தான். நான் நிறுத்தவில்லை. என் பதினான்கு வரிசையும் காய்ந்து முடிந்தது. அப்போதும் நிறுத்தவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் தம்பி மகன் முறை. வழக்கம்போல் எழுதினேன். உடனே போன் அடித்தது. பின்னால் ரிக் இரைச்சல்.

"பெரியப்பா, என்ர காட்டுல தென்னை நிக்குதுங்களா?"

"அஞ்சு நிக்குது. அதுல ஒண்ணு தலை சாஞ்சிருச்சு."

இரைச்சல் தூரமானது; ரிக்கை விட்டு விலகி நடந்திருப்பான்.

"அதுக்கு உடுங்க. என்ர மொறைங்க அது, நாஞ் சொல்றேன். கையெழுத்து இப்போதைக்கு வேண்டாமுங்க."

மோட்டாரைப் போட்டேன். ஐந்து தென்னைக்கும் வட்டப்பாத்தி நிறையப் பாய்ச்சினேன். பக்கத்திலேயே என் வரிசை; மடையைத் திருப்ப ஒரு மண்வெட்டி மண் போதும். திருப்பவில்லை.

கையெழுத்துக் கணக்கு ஏழுக்கு ஒன்றாக இருந்தது, இப்போது ஆறுக்கு இரண்டு. மனைக்காரர் கையெழுத்துக் கேட்டு இனியும் வரலாம். என் முறை நாளில் மட்டும் வர வேண்டாம். அன்று எனக்கு இருபத்தாறு வரிசை வேலை இருக்கிறது.